கிளியரன்ஸ் நேர்காணலில் அம்மாவைப் பற்றிக் கேட்டார்கள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

நெய்தல்:
அமெரிக்க அரசின் ரகசியத் தகவல்களைக் கையாளும் அனுமதிக்கு (கிளியரன்ஸ்), டாப் சீக்ரெட் நிலையில் விண்ணப்பித்திருக்கிறேன். நேர்காணல் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. எஸ்எஃப்-86 விண்ணப்பப் படிவத்தில், உறவினர்களைக் கேட்கும் பிரிவு 18-இல், இந்தியாவில் ஊரில் இருக்கும் அம்மா, அண்ணன், மாமனார், மாமியார் எல்லாரையும் எழுதியிருந்தேன். விசாரணை அதிகாரி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். திடீரென்று, "அங்கே உங்கள் அம்மாவை வைத்து யாராவது உங்களை மிரட்டினால் என்ன செய்வீர்கள்?" என்றார். உடனே பாதுகாப்பு அதிகாரியிடம் தெரிவிப்பேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அம்மா தனியாகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதுதான் கண்ணில் வந்தது. பேச்சே வரவில்லை. அவர் ஏதோ எழுதினார். அப்புறம்தான் பதில் சொன்னேன். நான் தயங்கியதையும் குறித்திருப்பாரோ?

செம்மண்:
கவலைப்படாதீர்கள். இந்தியா நட்பு நாடு. எனக்கும் மாமியார் அங்கேதான், பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். சித்தி பிள்ளைகளை எல்லாம் நான் எழுதவே இல்லை.

வடகாடு:
செம்மண் சொல்வதை நம்பி யாரும் இறங்க வேண்டாம். நட்பு நாடு என்பது மட்டும் போதாது. எனக்கு எஸ்ஓஆர் (அனுமதி தரத் தயங்கும் காரணங்களைக் குற்றச்சாட்டுகளாக அடுக்கி அனுப்பும் கடிதம்) வந்ததே இந்திய உறவுகளை வைத்துத்தான். சித்தி மகனோடு பாசமாக, தொடர்ந்து பேசிவந்தால், அவர் பெயர் வெளிநாட்டுத் தொடர்புகளைக் கேட்கும் பிரிவு 19-இல் வர வேண்டும். கடந்த ஏழு வருடத்தைக் கேட்கிறார்கள்.

என் கதை சின்னது. அப்பா போனபின் பாகம் பிரிக்காத வீட்டில் எனக்கும் பங்கு உண்டு. அதே படிவத்தின் 20ஏ பிரிவில் வெளிநாட்டுச் சொத்து 'இல்லை' என்று குறித்துவிட்டேன். அதை நான் சொத்தாக நினைத்ததே இல்லை, அது அப்பா வீடு. நேர்காணலில் நானாகச் சொன்னேன். ஆனாலும் எஸ்ஓஆரில் கைடுலைன் பி-யோடு (வெளிநாட்டுச் செல்வாக்கு) இ-யும் (சொந்த நடத்தை, நேர்மை) சேர்ந்து வந்தது: தெரிந்தே மறைத்தேனாம். அந்த வரியைப் படித்த இரவு தூங்கவில்லை.

நெய்தல், நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கிளியரன்ஸ் தருவதா என்று முடிவுசெய்யும் இப்போதைய வழிகாட்டுதல்கள் (கைடுலைன்கள்) 2017 ஜூன் 8 முதல் நடப்பில் உள்ளவை. வெளிநாட்டில் உறவு இருப்பது மட்டுமே தடை இல்லை. அந்த உறவை வைத்து உங்களை நெருக்க முடியுமா, நெருக்கினால் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்பதுதான் பார்வை. அதனால் இங்கே நீங்கள் வேர்விட்டிருப்பதைக் காட்டும் காகிதங்களை இப்போதே சேர்த்து வையுங்கள்: வீட்டுக் கடன், ஓய்வூதியக் கணக்கு, பிள்ளைகளின் குடியுரிமை. அண்ணன் அரசு வேலையில் இருந்தால் என்ன பதவி, எப்போது ஓய்வு என்பதையும் எழுதி வையுங்கள். எஸ்ஓஆர் வந்தால் பதில் எழுத 20 நாள்தான். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக 'ஒப்புக்கொள்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று எழுத வேண்டும். நான் விசாரணை கேட்டு நீதிபதி முன் போனேன். பங்கை மறைக்கவில்லை என்று அவர் ஏற்றார், கிளியரன்ஸ் கிடைத்தது.

செம்மண்:
சரி, சித்தி பிள்ளைகள் விஷயம் எனக்குத் தெரியாது. மாதம் இரண்டு முறை பேசுகிறோம். இனி சேர்க்கலாமா?

வடகாடு:
இன்றைக்கே உங்கள் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லுங்கள். அவர்கள் கேட்பதற்கு முன்னால்.

நெய்தல்:
நன்றி. அண்ணன் பதவி விவரம் கேட்டு எழுதிவிட்டேன். அம்மாவோடு தினமும் பேசுகிறேன், அந்தக் கேள்வியைப் பற்றி மட்டும் இன்னும் சொல்லவில்லை.