ஜேனஸ் கிரீன் நிறம் நிற்கவில்லை: வழி சொல்லுங்கள்

வணக்கம். முதலாண்டு செய்முறை வகுப்பில் வெங்காய உள்தோலில் மைட்டோகாண்டிரியா காட்ட வேண்டும். 7% சுக்ரோஸ் கரைசலில் 0.01% ஜேனஸ் கிரீன் பி (உயிருள்ள செல்லில் மைட்டோகாண்டிரியாவுக்கு நிறமேற்றும் சாயம்), 5 மி.மீ. தோல் துண்டு, 15 நிமிட ஊறல், 40 எக்ஸ் லென்ஸ். செல்சுவரும் உட்கருவும் பளிச்சென்று தெரிகின்றன. சுவரை ஒட்டிய சைட்டோபிளாசத்தில் நீலப்பச்சைப் புள்ளிகள் ஓரிரு செல்லில் மட்டும் வருகின்றன; வந்தவையும் மாணவர்கள் ஃபோகஸ் செய்வதற்குள் மங்கிவிடுகின்றன.

கவர்ஸ்லிப்புக்கு அடியில் ஆக்சிஜன் குறைந்தால் சாயம் ஒடுக்கமடைந்து நிறம் போகும், தெரிந்ததுதான். சாயத்தை ஆக்சிஜனேற்ற நிலையில் வைக்கும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் நொதி வேலை செய்யும் வரைதான் மைட்டோகாண்டிரியாவில் நீலம் நிற்கும். அதனால் ஃபார்மலினில் போட்டு செல் இறந்த தோல் சரிவராது; சைட்டோபிளாசம் ஓடுவது தெரிகிற, அதாவது உயிரோடு உள்ள, செல்லாகத் தேடிப் பார்க்கிறோம். சாயத்தைக் கூட்டினால் செல் செத்து உட்கருவும் சேர்ந்து நீலமாகிறது. அது இன்னும் மோசம், மாணவர் அதையே வரைந்து வைப்பார்!

தோலைத் திறந்த கிண்ணத்தில் ஊறவைத்து, பார்க்கும் நேரத்தில் மட்டும் கவர்ஸ்லிப் போட்டால் நிறம் கூடுதல் நேரம் நிற்குமா? கரைசலை அன்றன்றே கலக்க வேண்டுமா? வெங்காயத்தை விட்டுக் கன்னத்து உட்புறச் செல்லுக்கு மாறியவர்கள் செறிவும் நேரமும் சொன்னால் நல்லது. கண்டென்சர் டயஃப்ரத்தை (நுண்ணோக்கியில் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் துளை) எவ்வளவு மூடுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.