மிரர் உடைந்து மூணு மாசம், எனக்குத் தெரியவே இல்லை

அம்மாப்பேட்டையில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் சின்னக் கடை என்னுடையது. படங்கள் எல்லாம் ஒரு லினக்ஸ் பெட்டியில், இரண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்கில், ரெய்டு 1 மிரராக இருக்கும். எதை எழுதினாலும் இரண்டிலும் விழும். காசு இரண்டு டிஸ்குக்கு, கிடைக்கிற இடம் ஒன்றுக்குத்தான்.

வைகாசி முகூர்த்த நெருக்கடியில் இடம் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கப் போனவன், அப்படியே ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் (mdstat) ஃபைலையும் திறந்தேன். வேலை செய்யும் டிஸ்க் ஒன்றுக்கு ஒரு 'யு' (U) என்று அடைப்புக்குறிக்குள் இரண்டு 'யு' இருக்க வேண்டும். இருந்தது ஒரு 'யு', பக்கத்தில் ஒரு அடிக்கோடு. லாகைப் புரட்டினால், ஒரு டிஸ்க் மாசியிலேயே போயிருக்கிறது! வேலை ஒரு நொடியும் நிற்காததால் யாரும் கவனிக்கவில்லை.

அதில் இருந்த ஒரு கல்யாணத்தில், பெண்ணின் அப்பா அடுத்த மாதமே தவறிவிட்டார். அந்தப் படங்களை நினைத்தாலே வயிற்றைப் பிசைந்தது.

உடனே ரீபில்ட் போடவில்லை. ரீபில்ட் என்றால் மிஞ்சிய டிஸ்கை முதலிலிருந்து கடைசி வரை படித்து, புது டிஸ்கில் எழுதியாக வேண்டும். அதுவும் செத்த டிஸ்கோடு ஒரே நாளில் வாங்கியது, அதே வயசு; பாதியில் அதுவும் போய்விட்டால்? முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் காப்பி எடுத்தேன். அப்புறம்தான் புது டிஸ்க் மாட்டினேன். 8 மணி நேரத்துக்கு மேல் ஓடி, விடியும்போது இரண்டாவது 'யு' வந்தது.

இப்போது டிஸ்க் செத்தால், ரெய்டைக் கவனிக்கும் எம்டிஏடிஎம் (mdadm) புரோகிராம் மெயில் அனுப்பும். அமைத்த கையோடு டெஸ்ட் மெயில் ஒன்று விட்டுப் பாருங்கள், தயவுசெய்து.

இதைப் படித்தவர்கள் எழுதியவை:

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து, வெள்ளிக் கொலுசுப் பட்டறை:
எங்களுக்கு டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது அண்ணா. புதிதாக வந்த பையன் டிசைன் ஃபோல்டரைத் தவறுதலாக அழித்துவிட்டான். மிரர் இரண்டிலும் அதே நொடியில் போய்விட்டது. பென்டிரைவில் இருந்த பழைய காப்பியில் பாதிதான் கிடைத்தது.

ஏற்காட்டிலிருந்து, காபி எஸ்டேட் கணக்குப் பிரிவு:
இங்கே கோடை மழை இடியோடுதான் வரும். ஒரு மாலை மின்னல் இறங்கி, பெட்டியோடு இரண்டு டிஸ்கும் சேர்ந்து போயிற்று. எடைச் சீட்டுகளை வைத்து ஒரு சீசன் கணக்கை மறுபடி டைப் செய்தோம். இப்போது சனிக்கிழமை சேலத்துக்கு இறங்கும் ஜீப்பில் காப்பி எடுத்த ஒரு டிஸ்க் போகும், அங்கிருப்பது மேலே வரும். ஈரம் படாமல் இருக்க எவர்சில்வர் டப்பாவில் துணி சுற்றி வைக்கிறோம்.