போதகரைக் கனப்படுத்தும் ஆராதனை: யோசனை சொல்லுங்கள்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

பல சபைகளில் அக்டோபர் இரண்டாம் ஞாயிறைப் போதகர் பாராட்டு நாளாக வைத்துக்கொள்கிறார்கள். இந்த வருடம் எங்கள் சபையிலும் போதகர் ஐயாவையும் அவர் மனைவி அம்மாவையும் அன்று கனப்படுத்தலாம் என்று தீர்மானித்து, பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நடத்திப் பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

ஐயாவுக்கு மேடைப் புகழ்ச்சி பிடிக்காது. யாராவது தொடங்கினாலே, "மகிமை கர்த்தருக்கே" என்று சொல்லி அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். 1 தெசலோனிக்கேயர் 5:12, 13 வசனங்களும் ஊழியர்களை அவர்கள் செய்யும் வேலைக்காகவே அன்பாக மதிக்கச் சொல்கின்றன. அதனால் நீண்ட வாழ்த்துரை வேண்டாம் என்று நினைக்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் வந்து ஜெபித்தது, நடுராத்திரியிலும் போனை எடுத்தது என்று சபையாரே ஆளுக்கு இரண்டு நிமிடம் சாட்சி சொன்னால் போதும். நேரம் இழுக்காமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்? முன்கூட்டியே வீடியோ எடுத்துப் போடுவது சரிவருமா?

அன்று செய்தி கொடுக்க வேறொரு போதகரை அழைத்தால், ஐயா குடும்பத்தோடு உட்கார்ந்து ஆராதிக்கலாம். அவருக்கு அது எப்போதுமே கிடைப்பதில்லை. அம்மாவின் உழைப்பையும் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

அப்புறம் அன்பளிப்பு. கொடுக்க முடியாதவர்கள் கூச்சப்படக் கூடாது என்பதால், பெயர் எழுதாத உறை போதும் என்பது என் எண்ணம். பணத்தோடு சில நாள் ஓய்வும் கொடுக்க ஆசை. அப்படிக் கொடுத்த சபைகளில் அந்த நாட்களின் ஆராதனையை, வீடு சந்திப்பை யார் கவனித்தார்கள்?