கண் நேராகப் பார்த்தும் தெரியாமல் போவது எப்படி?

இரவுப்பறவை:
2013-ல் வந்த ஒரு ஆய்வு. நுரையீரல் சிடி ஸ்கேனில் சின்னச் சின்னக் கட்டிகளைத் தேடச் சொல்லி 24 ரேடியாலஜிஸ்டுகளிடம் கொடுத்து, கடைசி ஸ்கேனில் மட்டும் வழக்கமான கட்டியைப் போல 48 மடங்கு பெரிய கொரில்லா படத்தைச் செருகியிருக்கிறார்கள். 20 பேர் கண்ணில் அது படவே இல்லை. கண்ணில் படவில்லை என்பதும் தப்பு, ஏனென்றால் அந்த 20 பேரில் 12 பேர் கொரில்லா இருந்த இடத்தையே நேராகப் பார்த்தது கண்ணசைவுப் பதிவில் இருக்கிறது. விழித்திரையில் விழுந்த படம் அப்புறம் எங்கே போகிறது?

மூளைக்கிறுக்கன்:
முதலில் ஒன்று, டாக்டர்களைத் திட்டாதீர்கள். அதே ஆய்வில் மருத்துவம் படிக்காதவர்கள் ஒருவர்கூட கொரில்லாவைப் பார்க்கவில்லை.

படம் மூளைக்குள் வந்துவிடுகிறது, வந்தபிறகுதான் அமுக்கப்படுகிறது. மோரன், டெசிமோன் இருவரும் 1985-ல் குரங்குகளிடம் இதைக் காட்டினார்கள். மூளையில் வி4 என்ற பார்வைப் பகுதியில், ஒரே நியூரான் (நரம்பு செல்) பார்க்கும் எல்லைக்குள் இரண்டு உருவங்களை வைத்து, ஒன்றை மட்டும் கவனிக்கப் பழக்கினால், மற்றது அந்த நியூரானை நன்றாகத் தூண்டக்கூடிய உருவமாகவே இருந்தாலும் துடிப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. 2004-ல் கராஸ்கோ குழு மனிதர்களிடம் செய்தது இன்னும் சுவாரசியம்: கவனம் விழும் இடத்தில் கான்ட்ராஸ்டே (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடு) கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறதாம்.

தேன்சிட்டு:
பக்கவாதத்தில் மூளையின் வலது பக்க பெரைட்டல் பகுதி (மேல்-பின் பகுதி) அடிபட்டவர்களைப் பார்த்தால் இது புரியும். கண்ணில் கோளாறே இருக்காது, ஆனால் தட்டில் இடது பாதி சாப்பாடு அப்படியே கிடக்கும். நினைவிலும் இதே கதைதான். 1978-ல் பிசியாக், லுசாட்டி இருவரும் இத்தாலியில் இப்படிப்பட்ட நோயாளிகளிடம், மிலான் கதீட்ரல் சதுக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு இருப்பதையெல்லாம் சொல்லுங்கள் என்றார்கள். வலது பக்கக் கட்டடங்களாகவே வந்தன. எதிர்முனையில் நிற்பதாக நினைக்கச் சொன்னதும், முன்பு விட்டுப்போனவை வந்தன, முன்பு சொன்னவை காணோம்!

எதிர்க்கட்சி:
எல்லாம் சரி, ஆனால் கவனம் வேறு, உணர்ந்து பார்ப்பது வேறு. பார்வைப் புறணி (பார்வையைக் கையாளும் மூளைப் பகுதி) சேதமாகி, பார்வையில் ஒரு பாதி தெரியாத ஒருவரிடம் 1999-ல் கென்ட்ரிட்ஜ் குழு சோதித்தபோது, அந்தத் தெரியாத பாதியிலேயே கவனத்தைத் திருப்பினால் அங்கே காட்டியதற்குப் பதில் வேகமாக வந்தது, அவருக்கு எதுவும் தெரிந்ததாகத் தோன்றாமலே.

இரவுப்பறவை:
அப்போ கொரில்லாவைப் பார்த்து உடனே மறந்திருக்கவும் வாய்ப்பிருக்கிறதா?

எதிர்க்கட்சி:
இருக்கிறது. ஜெரமி வுல்ஃப் என்பவர் 1999-லேயே, இப்படிக் கவனிக்காமல் விடுவதைப் பார்வைக் குறை என்பதைவிட மறதி என்று சொல்லலாம் என வாதாடினார். நீங்கள் படித்த கொரில்லா ஆய்வை எழுதியவர்களில் அவரும் ஒருவர்.