ஐம்பதுக்கு மேல் சங்கீதம்: கட்டை, தாளம், ராகம், எதை எப்படிப் பிடிப்பது?

மாலைவகுப்பு கேட்டது:

கர்நாடக சங்கீத ரசனை வகுப்பு ஒன்றுக்காகக் கேட்கிறேன். பன்னிரண்டு பேர், எல்லோருக்கும் வயது ஐம்பதிலிருந்து எழுபதுக்குள், ஆணும் பெண்ணும் கலந்து. பாதிப் பேருக்குப் பாடவும் ஆசை. மற்றவர்களுக்குக் கச்சேரி புரிந்தால் போதும். இப்போது தடுக்கும் விஷயங்கள் இவை:

ஆசிரியர் சுருதியில் பாடினால் சிலருக்கு மேல் ஷட்ஜத்தில் (ச) குரல் கிழிகிறது, சிலருக்குக் கீழே வெறும் காற்றுதான் வருகிறது. ஆளாளுக்குக் கட்டையை, அதாவது ஷட்ஜம் நிற்கும் சுருதியை, எப்படி முடிவு செய்வது? எல்லோரும் சேர்ந்து பாடும்போது என்ன செய்வது?

ஆரோகண அவரோகணம் (ராகத்தின் ஏறும், இறங்கும் ஸ்வர வரிசை) மனப்பாடம் செய்தும் கச்சேரியில் ராகம் பிடிபடவில்லை.

தாளம் போட்டால் பாட்டு காதில் விழவில்லை. பாட்டைக் கேட்டால் தாளம் விட்டுப்போகிறது. தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் எல்லோருமே தொலைந்துபோகிறோம்.

காதுக் கருவி அணிந்த இருவருக்குத் தம்புரா ஒலி நடுங்குவதுபோலக் கேட்கிறதாம், சில நேரம் மங்கியே போகிறதாம். கருவியில் கோளாறா?

---

பஞ்சமம்:

கட்டையை ஆசிரியரிடம் வாங்காதீர்கள், அவரவர் குரலிடம் கேளுங்கள். ஒரு கீபோர்டு அல்லது போனில் ஒரு செயலி போதும். தூங்கி எழுந்த உடனே செய்யக் கூடாது, அப்போது குரல் இயல்பைவிடக் கீழே நிற்கும். நன்றாகப் பேசிக் குரல் தெளிந்த பிறகு ‘ஆ’ என்று அகாரமாக ஒவ்வொரு கட்டையாகக் கீழே இறங்குங்கள். காற்று கலக்காமல், கரகரக்காமல், ஐந்து விநாடி நிலையாக நிற்கிற கடைசி ஸ்வரம் எதுவோ அதை மந்தர ஸ்தாயிப் பஞ்சமமாக (கீழ் ப) வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கறுப்பு வெள்ளை இரண்டையும் சேர்த்து ஐந்து கட்டை மேலே எண்ணினால் உங்கள் ஷட்ஜம். வெள்ளைக் கட்டைகளில் C தான் 1, G தான் 5, கறுப்புக் கட்டைகள் ½ என்று எண்ணப்படும்; கீழ்க்கோடி 5 கட்டையில் நின்றால் ஷட்ஜம் 1 கட்டை. பிறகு அந்தச் சுருதியில் தார ஸ்தாயி காந்தாரம் (மேல் க) வரை ஏறிப் பாருங்கள். தாடை இறுகினாலோ கழுத்து நரம்பு புடைத்தாலோ அரைக் கட்டை குறையுங்கள். கள்ளக்குரலில் எட்டிப்பிடித்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பெரும்பாலும் ஆண்களுக்கு 1 முதல் 2½, பெண்களுக்கு 4½ முதல் 6 என்று வரும். வயதாக ஆகப் பெண் குரல் கொஞ்சம் இறங்குவது இயல்பு, ஆகவே 4 கட்டையில் பாடுவதில் தாழ்வு எதுவும் இல்லை. நாலு அதிகமாக இருக்கிறது, மூன்றரை வையுங்கள் என்று சிலர் கேட்பார்கள். மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது, மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்புக் கட்டையே இல்லை. நாலுக்குக் கீழே மூன்றுதான்.

சேர்ந்து பாடுவதுதான் சிக்கல். எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று 3 கட்டையில் வைப்பார்கள். ஆண்கள் மேலே கத்துவார்கள், பெண்கள் கீழே முணுமுணுப்பார்கள், யாருக்குமே அது பொருந்தாது. 5½ அல்லது 6 கட்டையில் வைத்துவிட்டு ஆண்களை ஒரு ஸ்தாயி கீழே பாடச் சொல்லுங்கள். மந்தர ஸ்தாயிக்கு இறங்கும் இடங்களில் ஆண் குரல் கேட்காமல் போகும், ஆகவே கீழே அதிகம் போகாத உருப்படியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கும் ஒத்துவரவில்லை என்றால் அரை மணி அரை மணியாக இரண்டு குழுவாகப் பிரிப்பதே நல்லது. ஒரு குழு பாடும்போது மற்றது தாளம் போடட்டும்.

தம்புராவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மின் தம்புராவின் ஒலியைச் சத்தமாக வைத்துவிட்டு அதன் மேலே பாடுவது பரவலான தவறு. தன் குரல் தனக்கே கேட்காது, சேர்ந்துவிட்டதாக ஒரு பிரமைதான் மிஞ்சும். பேச்சுக் குரலைவிடச் சற்றுக் குறைவாக வையுங்கள். ஷட்ஜத்தை நீளமாகப் பிடியுங்கள். சேராதபோது இரண்டு ஒலிக்கும் நடுவே ‘வொவ் வொவ்’ என்று ஓர் அலை அடிக்கும். நெருங்க நெருங்க அந்த அலை மெதுவாகும். சேர்ந்த கணத்தில் அலை நின்று உங்கள் குரல் தம்புராவுக்குள் மறைந்துவிடும். அந்த மறைவுதான் அடையாளம். அதை ஒருமுறை காது கண்டுகொண்டால் பிறகு பக்கத்தில் நின்று யாரும் திருத்த வேண்டியதில்லை. முதல் மாதம் தினம் பத்து நிமிடம் ச, ப, மேல் ச மட்டும். பாடவே விருப்பமில்லாதவர்களும் இதைச் செய்யட்டும், கேட்பதற்கும் இதுதான் அடித்தளம்.

---

வீச்சு:

தாளத்துக்கு நான் பதில் சொல்கிறேன்.

ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை: தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. இது எல்லோருக்கும் தெரியும். தொலைந்துபோவதற்குக் காரணம் வேறு. பாட்டின் சொல் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே தட்டைப் போடுகிறார்கள். எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) எப்போதும் சமத்தில் (தாளச் சுற்றின் முதல் தட்டில்) இருக்காது. அரை இடம் என்றால் தட்டு விழுந்து அரை எண்ணிக்கை கழித்துப் பாட்டு வரும், ஒன்றரை இடம் என்றால் ஒன்றரை கழித்து. சொல்லோடு தட்டை ஒட்டவைத்தால் முதல் ஆவர்த்தனத்திலேயே (தாளச் சுற்றிலேயே) தப்பாகிவிடும். ஆகவே கச்சேரியில் பாடகரின் கை தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். இரண்டு ஆவர்த்தனம் கையை அசைக்காமல் பார்த்துவிட்டு மூன்றாவதில் சேர்ந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு தட்டும் விரலும் இரண்டு இரண்டு முறை விழுந்தால் அது இரண்டு களை, எட்டு பதினாறாகிறது.

மிருதங்கம் துரிதமாகப் போகும்போது கை தானாக வேகம் பிடிக்கும். இதுதான் பெரிய எதிரி. காலப்பிரமாணம் (தாளத்தின் வேகம்) மாறவே இல்லை, ஒரு எண்ணிக்கைக்குள் விழும் சொற்கள்தான் அதிகமாகின்றன. இதைப் பழக்க, ஒருவர் கையில் ஆதி போட, இன்னொருவர் ஒரு எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டு, நாலு என்று மூன்று காலமும் சொல்லட்டும். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 40 முதல் 45 தட்டில் வையுங்கள். முதல் காலத்தை 60இல் ஆரம்பித்துவிட்டால் மூன்றாம் காலத்தில் விநாடிக்கு நாலு ஸ்வரம், புதியவர்களுக்கு எல்லாம் குழைந்துவிடும்.

தனி ஆவர்த்தனத்துக்கு ஒரே ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள், கதவு திறந்துவிடும். ஒரு களை ஆதியில் எண்ணிக்கைக்கு 4 மாத்திரை, மொத்தம் 32. ‘த தி கி ண தொம்’ ஐந்து மாத்திரை. மூன்று முறை சொன்னால் 15. அது சமத்தில் வந்து முடிய வேண்டும் என்றால் 17 மாத்திரை கழிந்த பிறகு தொடங்க வேண்டும். அதாவது நடுவிரலுக்கு அடுத்த தட்டு விழுந்து, கால் எண்ணிக்கை விட்டு. ‘தொம்’களுக்கு நடுவே ஒவ்வொரு மாத்திரை இடைவெளி விட்டால் 5+1+5+1+5, ஆக 17. அப்போது அதே தட்டுக்குக் கால் எண்ணிக்கை முன்பே தொடங்க வேண்டும். இந்த இரண்டையும் கையில் தாளத்தோடு வாயால் சொல்லிப் பழகுங்கள், ஒரு வாரம் ஆகும். அதற்குப் பிறகு மேடையில் ஒரு சொற்கட்டு மூன்று முறை வரும்போது ‘இதோ சமம் வரப்போகிறது’ என்று உடம்பே சொல்லும்.

தனியின் போக்கு: முதலில் மிருதங்கம், பிறகு கடமோ கஞ்சிராவோ, அப்படி மாறி மாறி. பிறகு குறைப்பு, அதில் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் அளவு பாதிபாதியாகச் சுருங்கும். கடைசியில் சேர்ந்து மோரா என்ற முடிவு அறிவிப்பை வாசித்து, கோர்வை என்ற முடிப்புக் கணக்கை மூன்று முறை வாசித்துப் பாட்டின் எடுப்புக்கு விடுவார்கள். சமத்தில் அல்ல, எடுப்பில். முடிவில் ஏமாந்துபோவது இங்கேதான்.

சாப்பு தாளங்களுக்கு விரல் எண்ணிக்கை கிடையாது, வாயில் வைத்துக்கொள்ளுங்கள். மிஸ்ர சாப்பு ‘தகிட தகதிமி’, கண்ட சாப்பு ‘தக தகிட’.

---

ஜீவாளி:

ராகத்தில் முதலில் பெயர் தேடுவதை நிறுத்த வேண்டும். ஆலாபனை தொடங்கியதும் பக்கத்து இருக்கைக்காரரிடம் ‘இது என்ன ராகம்’ என்று கேட்டுவிட்டால் காது அங்கேயே வேலையை நிறுத்திவிடும். பதிலாக மூன்று கேள்வி: பஞ்சமம் தொடப்படுகிறதா? மத்யமம் (ம) சுத்தமா, பிரதியா? காந்தாரம் (க) சாதாரணமா, அந்தரமா? இரண்டிலும் முதலாவது சற்றுக் கீழே, இரண்டாவது சற்று மேலே நிற்பது. காந்தாரத்துக்குத் தம்புராவே உதவும். சுருதி சுத்தமாகச் சேர்ந்த தம்புராவில் மந்தரத் தந்தியைக் கூர்ந்து கேட்டால் அந்தர காந்தாரம் தானாக எழுந்து நிற்கும். பாடகரின் காந்தாரம் அதோடு இழைகிறதா, அதற்குக் கீழே நிற்கிறதா என்று பாருங்கள்.

வகுப்பில் ராகங்களை ஜோடியாகக் கேட்க வையுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு ஜோடி. சங்கராபரணமும் கல்யாணியும், மத்யமம் ஒன்றுதான் வேறு. மோகனமும் ஹம்சத்வனியும், முன்னதில் தைவதம் இருக்கும் இடத்தில் பின்னதில் நிஷாதம். ஹிந்தோளமும் சுத்த தன்யாசியும், அங்கே தைவதம், இங்கே பஞ்சமம். ஒரே பாடகர், ஒரே சுருதியில் பாடிய பதிவுகளாக இருந்தால் மிகவும் நல்லது, கட்டை மாறினால் புதுக் காது குழம்பிவிடும்.

ஆரோகண அவரோகணம் ஏன் கைகொடுக்கவில்லை என்றால், ஆரபியையும் தேவகாந்தாரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஏறுவது ச ரி ம ப த ச, இறங்குவது ச நி த ப ம க ரி ச. காகிதத்தில் இரண்டும் ஒன்றே. ஆரபி ஸ்வரங்களை நேராக வைத்து விறுவிறுவென்று போகும். தேவகாந்தாரி அதே ஸ்வரங்களில் சாய்ந்து, நீட்டி, கமகத்தோடு (ஸ்வரத்தை அசைத்து) நகரும். தோடியில் காந்தாரம் கீபோர்டில் அழுத்தினால் வருகிற காந்தாரமே அல்ல, அது அசைந்துகொண்டேதான் இருக்கும். ராகம் இருப்பது பிடிகளில், அதாவது அதற்கே உரிய ஸ்வரத் தொடர்களில். பாடகர் பாடிய பிடியையே வயலின் திருப்பி வாசிக்கும்போது இரண்டாவது வாய்ப்பு கிடைக்கிறது. அந்த நேரத்தில் பேசாமல் இருந்தாலே பாதி ராகம் பிடிபடும்.

காதுக் கருவி விஷயம் முக்கியம், இதனாலேயே பலர் கச்சேரிக்குப் போவதை விட்டுவிடுகிறார்கள். கருவி பழுதில்லை. அது பேச்சுக்காகச் செய்யப்பட்டது. நிலையாக நீளும் ஒலியைத் தன்னுடைய விசில் இரைச்சல் என்று நினைத்து அடக்கப் பார்க்கும், அதனால்தான் நடுக்கம். மாறாமல் ஒலிப்பதை மின்விசிறி போன்ற பின்னணி இரைச்சல் என்று எண்ணிக் குறைக்கும், அதனால் மங்கல். தம்புராவின் வேலையே நிலையாக, மாறாமல் ஒலிப்பது. கேட்பியல் நிபுணரிடம் இசைக்கென்று தனி ப்ரோக்ராம் போடச் சொல்லுங்கள். விசில் தடுப்பும் இரைச்சல் குறைப்பும் அணைந்தோ மிகக் குறைந்தோ இருக்க வேண்டும், மைக் எல்லாத் திசையும் கேட்க வேண்டும். முடிந்தால் போனில் தம்புராவை ஓடவிட்டு அவர் முன்னாலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். கச்சேரியில் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்கார வேண்டாம்.

---

மாலைவகுப்பு:

மிக்க நன்றி. இன்னும் மூன்று. பாட விரும்புகிறவர்களுக்கு மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற தொடக்க ஸ்வரப் பயிற்சிதான் வேண்டுமா, நேராகச் சின்னப் பாட்டுகளில் தொடங்கலாமா? இருவர் இணையவழியில் சேர்கிறார்கள், அவர்களோடு எப்படிப் பாடுவது? சிலருக்குத் திருவையாறு தியாகராஜர் ஆராதனையில், அவருடைய ஐந்து கிருதிகளைச் சேர்ந்து பாடும் பஞ்சரத்ன கோஷ்டியில் உட்கார ஆசை.

---

பஞ்சமம்:

கேட்க மட்டும் வருகிறவர்களுக்குச் சரளி வரிசை கட்டாயமில்லை. பாட வேண்டும் என்றால் தாண்டிப் போகாதீர்கள். அந்த ராகத்தில் ச ரி க ம என்ற கீழ்ப் பாதிக்கும் ப த நி ச என்ற மேல் பாதிக்கும் இடைவெளிகள் அப்படியே ஒன்று. கீழே கற்றது மேலே தானாக உதவும். கவனிக்க வேண்டியது சுத்த ரிஷபம். பெரியவர்களுக்கு அது மெல்ல மெல்லச் அதற்கு மேலுள்ள சதுச்ருதி ரிஷபத்தை நோக்கி ஏறிவிடும். ‘ச ரி ச’ என்று மட்டும் பத்து முறை பாடிவிட்டுத் தொடங்குங்கள். முதல் நாலு சரளி, மூன்று காலத்திலும், பிறகு ஒரு ஜண்டை வரிசை (இரட்டை ஸ்வரப் பயிற்சி), பிறகு ஒரு கீதம் (எளிய தொடக்கப் பாட்டு) என்று சுருக்கிக்கொள்ளலாம், எல்லா வரிசையையும் முடித்த பிறகுதான் பாட்டு என்றால் ஆட்கள் ஓடிவிடுவார்கள். பயிற்சி இருபது நிமிடமாக இரண்டு வேளை. தொண்டை கட்டினால் அன்றைக்கு நிறுத்துங்கள், மூன்று வாரத்துக்கு மேலும் கரகரப்பு இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

---

வீச்சு:

இணையத்தில் சேர்ந்து பாட முயலவே வேண்டாம். ஒலி போய்ச் சேரும் தாமதத்தில் இருவர் தாளம் ஒருபோதும் ஒட்டாது, ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து காலம் இழுத்துக்கொண்டே போகும். ஆசிரியர் ஒரு வரி பாட, அவர்கள் திருப்பிப் பாடட்டும். மற்ற நேரம் அவர்கள் மைக் அணைந்திருக்கட்டும். தம்புரா அவரவர் அறையில் ஓட வேண்டும். ஜூம் என்றால் ஒலி அமைப்பில் இசைக்கலைஞர்களுக்கான ‘ஒரிஜினல் சவுண்ட்’ஐப் போட்டுவையுங்கள், இல்லாவிட்டால் ஜீவாளி சொன்ன அதே கதைதான், மென்பொருள் தம்புராவை இரைச்சல் என்று தின்றுவிடும்.

---

ஜீவாளி:

பஞ்சரத்னம் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ராகங்களில், ஐந்தும் ஆதி தாளம். சரணங்களை ஸ்வரமாகப் பாடிப் பிறகு சாகித்யமாக (பாட்டின் சொற்களாக) பாடுவார்கள். முதல் ஆண்டுக்கு ஒன்றே ஒன்றை எடுத்து, சாகித்யத்தை மட்டும் பாடமாக்குங்கள். ஸ்வரம் வரும் இடங்களில் வாயை மூடிக்கொண்டு தாளம் போடலாம். கோஷ்டியில் சுருதி உங்கள் கட்டையில் இருக்காது, அது எட்டாத இடத்தில் குரலை உயர்த்தாமல் விட்டுவிட்டு, ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் திரும்பி வருகிற வரியில் சேர்ந்துகொள்ளுங்கள்.

டிசம்பரில் சென்னை வரமுடிந்தவர்கள் மியூசிக் அகாடமியின் காலை விரிவுரைகளுக்கு வாருங்கள். ஒரே ஒரு விஷயத்தை எடுத்துப் பாடிக்காட்டி விளக்குவார்கள், ரசனை வகுப்புக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நோட்டில் எழுதும்போது ராகப் பெயரை எழுதாமல், காதில் விழுந்த பிடியை ச ரி க ம வில் எழுதப் பாருங்கள். தப்பாக எழுதினாலும் வீட்டில் தம்புரா போட்டுப் பாடிப் பார்த்தால் எங்கே தப்பு என்று தெரிந்துவிடும்.