ஒல்லாந்தர் காலத்துப் பவளமோ? பழைய மாலையின்ர பூர்வீகம் பாக்கிறது எப்பிடி

வடலிக்காடு:
அம்மம்மா வழி வந்த பவள மாலை. பீப்பா வடிவ மணிகள், பெரியது 11 மி.மீ. நீளம், கருஞ்சிவப்பு. இடைக்கிடை பொன்மணி, கொக்கியும் பொன். ஒல்லாந்தர் காலத்துச் சாமான் எண்டு வீட்டில சொல்லுவினம். யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில நகைக்காரர் ஒருத்தர் யப்பான் பவளம் எண்டார், மற்றவர் சாயம் போட்டது எண்டார். நூல் இத்துப்போச்சு. திருப்பிக் கோக்கக் குடுக்க முதல் என்ன பாக்கவேணும்?

தராசுத்தட்டு:
நூல் இத்துப்போன இந்த நேரம்தான் வசதி, துளை தெரியும். முதல்ல மணிகளைக் கிடந்த வரிசையிலேயே அடிமட்டம் வைச்சுப் படம் எடுங்கோ.

பிறகு 10 மடங்கு லென்ஸ். அசல் பவளத்தில மணியின்ர உடம்பில கால் தொடக்கம் அரை மி.மீ. இடைவெளியில ஒண்டுக்கொண்டு சமாந்தரமான மெல்லிய கோடுகள் ஓடும். கோடு பருமனாய், இடைவெளி கூடவாய் இருந்தால் மூங்கில் பவளம் எண்ட வேற இனமோ எண்டு பாருங்கோ. இயற்கையில அது வெளிறினது, சிவப்பு முழுக்கச் சாயம். சாயம் வெடிப்புக்குள்ளயும் துளை வாயிலயும் தேங்கி நிக்கும். பஞ்சுக்குச்சியில அசற்றோன் தொட்டு ஒரு மணியின்ர துளைக்குள்ள மட்டும் தேயுங்கோ. சிவப்பு ஒட்டினால் சாயம். ஒட்டாட்டி முடிவு இல்லை, மேல பிசின் பூசியிருந்தால் சாயம் வெளிய வராது.

அமிலத் துளி விட்டுப் பாக்கச் சொன்னால் விடாதேங்கோ. பவளம் கல்சியம் காபனேற்று. நுரைக்கும், மினுக்கம் போகும். சாயம் போட்ட மூங்கில் பவளமும் அப்பிடியே நுரைக்கும், பிறகு என்னத்துக்கு?

அடர்த்தி பாக்கலாம்: காற்றில 5.30 கிராம், தண்ணியில தொங்கவிட 3.30 எண்டால், வித்தியாசம் 2.00; 5.30 ஐ அதால பிரிக்க 2.65. பவளம் அந்த அளவில வரும், பிளாஸ்டிக் 1.5 ஐத் தாண்டுறது அருமை. துளைக்குள்ள காற்றுக்குமிழ் நிண்டால் கணக்குப் பிழைக்கும், தண்ணியில ஒரு சொட்டுச் சவர்க்காரம் விடுங்கோ. தனி மணி மிகச் சிறிசு. ஒரே மாதிரி மணிகளைச் சேத்து நிறுங்கோ.

முருகைக்கல்:
யப்பான் எண்டு நிரூபிச்சால் ஒல்லாந்தர் கதை அதோட சரி. இஞ்ச யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் ஆண்டது 1658 தொடக்கம் 1795 வரை. யப்பான் பவளம் வெளிநாட்டுச் சந்தைக்குப் பெருவாரியாய் வந்தது 1868 இல மெய்ஜி ஆட்சி வந்த பிறகு.

யப்பான் பவளத்தின்ர அடையாளம், பவளக் கொப்பின்ர நடுவில ஓடுற வெள்ளை. மத்தியதரைக் கடல் பவளம் உள்ளுக்கும் ஒரே சிவப்பு. வெட்டுறவை அந்த வெள்ளையிலேயே துளை போட்டு மறைப்பினம், அதால துளை வாயைத்தான் உத்துப் பாக்கவேணும். வெள்ளை காணாட்டியும் உடன மத்தியதரை எண்டு எழுதாதேங்கோ. கொப்பின்ர ஓரத்தில வெட்டின மணியிலும் அது வராது.

மத்தியதரைப் பவளம் லிவோர்னோவில இருந்து கோவாவுக்கும், லண்டனால சென்னைக்கும் வைரத்துக்குப் பண்டமாற்றாய் வந்தது. ஜோர்ஜ் டவுனில பவளக்காரத் தெரு இண்டைக்கும் இருக்கு. ஆனால் உங்கட மணி அந்த வழியால வந்ததோ எண்டு கல் சொல்லாது. இனம் எது எண்டு மட்டும் சுவிஸ் எஸ்எஸ்இஎஃப் இரத்தினக்கல் ஆய்வுகூடம் சில மில்லிகிராம் தூளில மரபணு பாத்துச் சொல்லும்.

மன்னார்க் கடல் பவளம் எண்டு ஆரும் சொன்னால் சிரிச்சிட்டு விடுங்கோ. எங்கட கரையில இருக்கிறது முருகைக்கல். கோட்டை கட்டலாம், மாலை கட்டேலாது.

கொக்கிப்பூட்டு:
கல்லின்ர வயது வேற, கட்டின வயது வேற. கையால இழுத்த வில்துறப்பணத் துளை இரண்டு பக்கத்தாலயும் போய் நடுவில கொஞ்சம் விலகிச் சந்திக்கும். இயந்திரத் துளை நேர்க்குழாய். பொன்மணியையும் பற்றாசு வைச்ச இடத்தையும் உலோகக் கலப்புக் காட்டுற எக்ஸ்-கதிர் இயந்திரத்தில தனித்தனியாய்ப் பாக்கச் சொல்லுங்கோ. பற்றாசில காட்மியம் வந்தால் அந்த வேலை கிட்டடியில செய்தது, ஆனால் அது கொக்கி திருத்தினதாயும் இருக்கலாம்.

மிச்சம் கடதாசிதான். சீதன உறுதியில நகையும் நிறையும் எழுதியிருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. வீட்டுப் பிரதி துலைஞ்சிருந்தால் காணிப் பதிவகத்தில தேடுங்கோ. பழைய அடைவுச் சீட்டு, கலியாணப் படம் இரண்டையும் எறியாதேங்கோ. படத்தில மணி எண்ணிக்கையும் கொக்கி வடிவமும் ஒத்துவருதோ பாக்கலாம்.

தராசுத்தட்டு:
ஒண்டு விட்டுப்போச்சு. பொன்னை மினுக்கக் குடுக்கேக்க பவளத்தைக் கழட்டியே குடுங்கோ. புளித்தண்ணியும் அமிலமும் பவளத்தை வெளிறப்பண்ணும், பற்றாசுச் சூடு கருக்கிப்போடும். கோக்கிறது பட்டுநூலில, பவளமும் பவளமும் முட்டுற இடமெல்லாம் முடிச்சு.