மறு: கையேட்டின் சொற்பட்டியலில் ‘ஃபெப்ரைல் நியூட்ரோபீனியா’வுக்கு (கிருமியை எதிர்க்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளணு குறைந்தவருக்கு வரும் காய்ச்சல்) தமிழ்ச்சொல்

> ‘வெள்ளணுக்குறைக் காய்ச்சல்’ போதாதா? படித்ததும் விளங்குமே.

விளங்கும், ஆனால் ரத்தப் புற்றுநோயில் தப்பாக விளங்கும். லுகேமியா நோயாளிக்கு வெள்ளணு மைக்ரோலிட்டருக்கு 20,000 இருக்கலாம். அதில் நியூட்ரோபில் 2 விழுக்காடு என்றால் 400தான்; மீதியில் பெரும்பகுதி கிருமியை எதிர்க்கத் தெரியாத முதிரா அணுக்கள். நியூட்ரோபில் 500க்குக் கீழே இறங்கியிருந்தாலோ, 48 மணி நேரத்துக்குள் இறங்கும் என்றிருந்தாலோதான் இந்தப் பெயரே பொருந்தும். கையேட்டில் ‘வெள்ளணுக்குறை’ என்று போட்டால், ரிப்போர்ட்டில் 20,000 பார்த்த வீட்டார் ‘அணு நிறையத்தானே இருக்கு’ என்று பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியக் காத்திருப்பார்கள். மருத்துவமனைக்கு வந்த 1 மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் ஏறவேண்டிய நிலை இது.

ஆகவே ‘நியூட்ரோபில்குறைக் காய்ச்சல்’. கடன்சொல் இருக்கட்டும், ரிப்போர்ட்டில் அச்சாவது அதுதான். நியூட்ரோபிலை ‘நடுநிலையணு’ என்று பெயர்த்தால், அது அந்த அணு சாயம் ஏற்கும் விதத்தைச் சொல்கிறதே தவிர, அதன் வேலையைச் சொல்லவில்லை. விளக்கத்தில் அளவும் வரட்டும்: வாயில் ஒருமுறை 38.3 செல்சியஸ், அல்லது 38 ஒரு மணி நேரம் நீடித்தால். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கக் கூடாது என்பதையும் சேர்க்கவும். அங்கே சிறு கீறல் போதும், குடல் கிருமி ரத்தத்துக்குள் போய்விடும்.

> ‘தொற்றுக் காய்ச்சல்’ என்றே வைத்தால்?

வேண்டாம். பெரும்பாலும் கல்ச்சரில் (ரத்தத்தைப் புட்டியில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எதுவும் வளராது. தொற்று நிரூபணமாகும்வரை காத்திருக்கக் கூடாது என்பதற்குத்தானே இந்தச் சொல்.

---

ஆய்வகப் பக்கத்திலிருந்து: மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதே பட்டியலில் ‘கன்டாமினன்ட்’டுக்கு (நோயாளியின் ரத்தத்தில் இல்லாமல், மாதிரி எடுக்கும்போது வெளியிலிருந்து கலந்த கிருமி) வெறும் ‘மாசு’ என்றிருப்பது இடிக்கிறது. பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா மண்ணிலும் தூசியிலும் இருப்பது. ஒரு கல்ச்சர் புட்டியில் வளர்ந்தால் ‘மாசு’ என்று தள்ளிவிடுவது வழக்கம். கீமோ முடிந்து நியூட்ரோபில் அடிமட்டத்தில் இருப்பவரிடம் அதுவே மூளைவரை போய்ச் சீழ்க்கட்டி வைக்கும். பீட்டாலாக்டமேஸ் என்ற, மருந்தை உடைக்கும் நொதியைச் சுரப்பதால் பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகைகளை நம்ப முடியாது, வான்கோமைசின் வேண்டும். ஸ்டெனோட்ரோபோமோனாஸ் என்ற பாக்டீரியா வேறு ரகம்: மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டிருக்கும்போதே காய்ச்சல் திரும்பும், ஏனென்றால் அந்த மருந்தையே உடைக்கும் நொதி அதனிடம் உண்டு. அதற்குக் கோட்ரைமாக்சசோல்.

எனவே ‘மாசு’ முடிவான தீர்ப்புக்கு மட்டும். அதற்கு முன் ‘மாசு ஐயம்’ என்று தனிப்பதிவு வேண்டும். அதன் விளக்கம்: சென்ட்ரல் லைனிலிருந்து (பெரிய ரத்தநாளத்தில் பொருத்திய குழாய்) ஒன்று, கையின் ரத்தநாளத்திலிருந்து ஒன்று என இரண்டு செட் ரத்தம் எடுத்து ஒப்பிடும்வரை தள்ளுபடி செய்யாத வளர்ச்சி, நியூட்ரோபில் குறைந்தவரிடம் ஒரே புட்டியானாலும் வார்டுக்கு உடனே போன்.